சாராள் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமைகள்

கம்பெனியிலிருந்து வந்திருந்த மலர் வளையத்தைத் தூக்கி ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்த பென்சன், வாசலில் மேனேஜர் நல்லுசாமியின் கார் வந்து நிற்பதைப் பார்த்ததும், அதையே மறுபடி தூக்கித் தலைமாட்டில் வைத்தான். வளையம் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. கம்பெனி பெயர் எழுதிய ரிப்பன் கண்ணாடிக்குக் குறுக்கே விழுந்து அம்மாவின் முகத்தைப் பாதி மறைத்தது.

"மூஞ்சி தெரியலியேடா!" என்றார் அப்பா பிரகாசம். பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நினைப்பில் எதையும் கத்தித்தான் சொல்வார். "அந்தப் பூவத் தூக்கி அந்தாண்ட வை. சனம் உங்கம்மாவப் பாக்க வந்துருக்குதா, கம்பெனி போர்டப் பாக்க வந்துருக்குதா?"

கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பென்சன் ரிப்பனை மட்டும் இழுத்து ஓரமாகச் செருகினான். அது நிற்காமல் மறுபடி சரிந்தது.

அம்மா முந்தின நாள் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பி, சூளகிரி பஸ் ஸ்டாண்டில் வேப்பனப்பள்ளி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நின்ற இடத்திலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காதவள், யாருக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கிற வேலைகூடக் கொடுக்காமல் போய்விட்டாள்.

மனைவி ப்ரீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஸ்கூல் புள்ளைங்க வேன்ல வந்து எறங்குதுங்க. அந்தப் பொண்ணும் வந்துருக்குதுங்க."

எந்தப் பெண் என்று பென்சன் கேட்கவில்லை.

கவிப்ரியா. ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பிள்ளை இன்றைக்கு இந்த வீட்டில் வாயைத் திறந்தால் தன் வேலை போய்விடும் என்று பென்சன் நம்பினான். அந்த நம்பிக்கையில் பெரிய தப்பும் இல்லை.

அவளுடைய அம்மா முனிலட்சுமி பென்சன் வேலை பார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவள். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்காமல் தடுக்க அதில் ஒரு சென்சார் உண்டு. போன மாங்காய் சீசனில் ஒரு நாள் அது காரணமே இல்லாமல் மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. சரக்கு ஏற்ற வந்த லாரி கேட்டில் நின்று ஹாரன் அடித்தது. மேலே இருந்தவர்கள் பென்சனைக் காய்ச்சினார்கள். ஷிப்ட் இன்சார்ஜ் பென்சன் கீழே வந்து, "சென்சார ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். முனிலட்சுமியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கம்பெனி விசாரணையில், சீக்கிரம் வேலையை முடிக்க அவளேதான் சென்சாரை அணைத்தாள் என்று பென்சன் சொன்னான். அவள் பிழைப்பு அத்தோடு போயிற்று. வருகிற வாரம் லேபர் ஆபீசில் அதையே அவன் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

இது எல்லாம் நாலு சுவருக்குள் அடங்கியிருக்கும். அடங்க விடாமல் செய்தது அம்மாவின் வகுப்பு.

அம்மா கவிப்ரியாவின் ஸ்கூலில் தமிழ் டீச்சர். வகுப்பில் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினாள். நடத்தினாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நடத்துவது பிள்ளைகள், தான் பசை வாங்கித் தருவதோடு சரி என்பாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் கைடில் இருக்கிற மாதிரி, 'எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்' என்றே எழுதின. வெயிலில் மண்டை காய நடந்து வருகிற பிள்ளை எந்த எழிலைக் கண்டது என்று அம்மா சாப்பாட்டு நேரத்தில் அலுத்துக்கொள்வாள். "நேத்து ராத்திரி உங்க வூட்டு அடுப்புல என்ன வெந்துச்சு? அத எழுது" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுக் கேட்டு, ஒரு வருஷத்தில் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை தெலுங்கு வார்த்தையை அப்படியே எழுதலாம். கன்னடமும் அப்படியே. சிவப்பு மை கிடையாது. மற்ற வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கவிப்ரியா வீட்டில் தெலுங்கு. அவள் தமிழ் பேசினால் வகுப்பே சிரித்ததால் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. அரைப் பரீட்சைக்குப் பிறகு முதல் முதலாக ஒன்று எழுதினாள். விரல் போன கையால் தன் அம்மா தனக்கு எப்படித் தலை பின்னிவிடுகிறாள் என்று. பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும், பஸ்ஸில் பிள்ளைகள் கேலி செய்யும், ஆனாலும் சாயந்திரம் வரைக்கும் அவிழ்க்க மாட்டேன் என்று. யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, அது சுற்றிச் சுற்றி நல்லுசாமியின் போனுக்கு வந்து சேர்ந்தது.

அன்று ராத்திரி பென்சன் அம்மாவிடம் சண்டைக்குப் போனான்.

"அத சுவத்துலேர்ந்து எடுத்துரும்மா."

"நான் எழுதலியேடா. எழுதுனவளக் கேளு."

"சின்னப் புள்ளைக்கு இன்னா தெரியும்? வேற ஏதாவது எழுதச் சொல்லு. மாந்தோப்பு, மழை, அந்த மாதிரி."

"அவளுக்கு மாந்தோப்பு இல்லியே."

அம்மா ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "சென்சார அணைச்சது யாரு கண்ணு?"

"அந்தம்மாதான்."

அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவன் கத்தியாவது தீர்த்திருப்பான். அவள் வழக்கம்போல டிபன் கட்டிக் கொடுத்தாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள். அந்த வீட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது.

நல்லுசாமி மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாமல் பேசியே ஆளை நடுங்க வைப்பவர். பென்சனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மனசத் தேத்திக்கங்க பென்சன். பெரிய இழப்புங்க." சற்று நிறுத்தி, "ஸ்கூல் பசங்க வந்திருக்கறாங்களாட்ட இருக்குதுங்களே? அந்தப் பொண்ணும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார்."

"இப்பெல்லாம் எல்லாத்து கையிலயும் போன் இருக்குதுங்க. வர்ற வாரம் லேபர் ஆபீஸ் இருக்குது பாத்தீங்களா. உங்க வீட்டுல நடக்கறது உங்க பொறுப்புங்க. நான் சொல்ல வேண்டியதில்ல."

பென்சன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். அவர்கள் சபையில், பெட்டியை எடுப்பதற்கு முன் வீட்டில் ஜெபம் நடக்கும்போது, இறந்தவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். அந்த வழக்கத்தை இன்று எப்படித் தடுப்பது என்பதுதான் அவனுக்கு ஒரே யோசனை. அம்மா செத்துக் கிடக்கிறாள், தனக்கு அழுகை வரவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் நேரமில்லாமல் இருந்தது.

ஷாமியானா நிழலில் பிள்ளைகள் யூனிபாரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூட வந்திருந்த சுகுணா டீச்சர் எழுந்து வந்தாள்.

"டீச்சர், நேரமாயிருச்சு. புள்ளைங்க பாட்டு மட்டும் பாடட்டும். பேச்செல்லாம் வேணாம்," என்றான் பென்சன்.

"நான் சொன்னாக் கேக்காதுங்க சார். வேன்ல வர்றப்பவே படிக்கப் போறேன்னு சொல்லிருச்சு. சாராள் டீச்சர் அப்படிப் பழக்கி வச்சிருக்காங்க." சுகுணாவின் கண் சிவந்திருந்தது. "நீங்களே கேட்டுப் பாருங்க."

கவிப்ரியா கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பென்சன் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தாள். பின்னல் இடது தோள்பக்கம் சாய்ந்திருந்தது. கையில் ஒரு காலண்டர் தாள்.

"என்னம்மா எழுதியிருக்க? குடு, பாக்கறேன்."

அவள் எழுந்து நின்று தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "படிக்கறதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டக் கூடாதுங்க சார்."

"நான் டீச்சரோட மவன்."

"தெரியுங்க சார்."

எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். "அம்மா வந்துருக்காங்களா?"

அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். எதிர்வீட்டுக் காம்பவுண்ட் சுவரை ஒட்டி முனிலட்சுமி நின்றிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். முறைக்கவில்லை. பென்சன்தான் முதலில் பார்வையைத் திருப்பினான்.

பாஸ்டர் வந்துவிட்டார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுத் தரையில் உட்கார வைத்தார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, ஒரு ஜெபம். அப்பா பாட்டு முடிந்த பிறகும் ஒரு வரி பின்தங்கிப் பாடிக்கொண்டிருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

பாஸ்டர் கேட்டதும் நல்லுசாமிதான் முதலில் எழுந்தார். கம்பெனி ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு நல்ல பிள்ளையைப் பெற்றுக் கொடுத்த தாய் இவர் என்றார். நன்றாகத்தான் பேசினார். எந்தச் சாவு வீட்டிலும் பொருந்துகிற பேச்சு. அப்புறம் சபை மூப்பர் ஒருவர் அம்மாவின் ஈகையைப் பற்றிச் சொன்னார். "வேற யாராவது?" என்று பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பென்சன் அவரைப் பார்த்து, போதும் என்று தலையசைக்கப் போனான்.

அதற்குள் கவிப்ரியா எழுந்துவிட்டாள். ஐஸ் பெட்டி அவளை மறைத்தது. ஒரு பையன் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் ஏறி நின்றாள். நல்லுசாமி காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அவள் தாளை உயர்த்திப் பிடித்துப் படித்தாள்.

"எங்க டீச்சர் ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வருவாங்க. மொதல் தடவ வந்தப்ப எங்கம்மா வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க. கை புடிக்காததால வெங்காயம் உருண்டு உருண்டு போச்சு. டீச்சர் வாசல்லயே நின்னாங்க. 'நான் பென்சனோட அம்மா. உள்ள வரலாமான்னு நீங்கதான் சொல்லணும்'னாங்க. அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் 'கூச்சோண்டி'ன்னு பலகையத் தள்ளிப் போட்டாங்க. டீச்சர் உக்காந்து மிச்ச வெங்காயத்த உரிச்சாங்க. ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி வந்துச்சு. வெங்காயத்தாலயான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் அப்படிச் சொன்னதும் இல்லை. அவர்கள் கேட்டதும் இல்லை. சாயந்திரம் திரும்பி வருகிறவளின் கையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும்.

"அதுக்கப்புறம் வாரா வாரம் வந்து எங்கம்மாவுக்குத் தலை பின்னி வுடுவாங்க. எங்கம்மா எனக்குப் பின்னுவாங்க. ஆனா அவங்க தலைய அவங்களே பின்ன முடியாது. கைய முதுகுப் பக்கம் கொண்டு போனா வலிக்கும். டீச்சர் எண்ணெய் ரொம்ப வைப்பாங்க. அம்மா திட்டுவாங்க. டீச்சர் சிரிப்பாங்க. ஒரு ஞாயித்துக்கெழம டீச்சர் 'என் மவன் இன்னும் சொல்லல'ன்னாங்க. அம்மா 'சொல்லுவாரு'ன்னாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம. எங்கம்மாவுக்கு யாரு பின்னுவாங்கன்னு தெரியல. நான் பின்னுனா கோணலாப் போவுது. இவ்வளவுதான் நான் பாத்தது."

அவள் தாளை இறக்கினாள். அப்படியே நின்றாள்.

"ரொம்ப நன்றிம்மா. கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பார். எறங்கு," என்றார் பாஸ்டர்.

அவள் இறங்கவில்லை. எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சுகுணா டீச்சர் கையால் சைகை காட்டினாள். அதற்கும் அசையவில்லை. பின்னால் யாரோ, "இன்னாத்துக்கு நிக்குது அந்தப் புள்ள?" என்று முணுமுணுத்தார்கள். நல்லுசாமி பென்சனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

"கேள்வி கேளுங்கப்பா!" என்று அப்பா கத்தினார். கூடத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. "அவங்க கிளாசுல அதான் சட்டம். ஒருத்தர் படிச்சா கை தட்டக் கூடாது. யாராவது ஒரு கேள்வி கேக்கணும். கேள்வி வராம எறங்க மாட்டாங்க. சாராள் எங்கிட்ட எத்தினி தடவ சொல்லியிருக்கா! கேளுங்க, புள்ள கால் கடுக்க நிக்குது."

யாரும் கேட்கவில்லை. பாஸ்டர் வேதப் புத்தகத்தின் பக்கங்களைச் சரி செய்தார். மூப்பர் தரையைப் பார்த்தார். சாவு வீட்டில் கேள்வி கேட்டுப் பழக்கமுள்ளவர்கள் அங்கே ஒருவரும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் காதுல வுழல, நான் இன்னாத்தக் கேக்கறது?" என்றார் அப்பா. அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "பென்சா, நீ கேளுடா. உங்கம்மாவப் பத்தித்தான படிச்சிருக்கா?"

அத்தனை தலையும் பென்சன் பக்கம் திரும்பியது. சின்னக் கேள்விகள் எத்தனையோ இருந்தன. எந்த பஸ்ஸில் வருவாங்க என்று கேட்கலாம். என்ன எண்ணெய் என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடும், பெட்டியை எடுத்துவிடலாம், வருகிற வாரம் தன் பாட்டுக்கு வரும். இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் எழுதவில்லை என்பதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. தன்னைத் திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பான்.

"சென்சார ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னு…" அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "அத ஏம்மா நீ எழுதல?"

"பென்சன்," என்றார் நல்லுசாமி. மெல்லத்தான் சொன்னார்.

கவிப்ரியா யோசித்தாள். அவளுக்கு அது வகுப்பில் கேட்கிற கேள்விதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

"கண்ணால பாத்ததத்தான் எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க சார்," என்றாள். "நான் அங்க இல்லைங்க. நீங்கதான் இருந்தீங்க."

சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்துப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி, முடிவு ஜெபம் பண்ணி…"

"பாஸ்டர், ஒரு நிமிஷம்," என்றான் பென்சன். "நான் ஒண்ணு சொல்லணும்."

நல்லுசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "பென்சன், மனசு சரியில்லாத நேரத்துல வேண்டாங்க. அப்பறம் பேசிக்கலாங்க." ப்ரீதா அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள், பிறகு அவளாகவே விட்டுவிட்டாள். வாசற்படி வரைக்கும் வந்து கதவோரம் நின்றிருந்த முனிலட்சுமியின் மேல் அவன் பார்வை பட்டது. அவள் உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

ஸ்டூல் கூடத்தின் அந்தப் பக்கம் இருந்தது. அவன் நடந்தான். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள்.